அடுத்தடுத்துப் பிறந்த பிள்ளைகளை வளர்க்க: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கும் கடைசியவனுக்கும் இடையில் மூன்று வருஷமும் நாலு மாதமும். நடுவில் மகள். கடைசியவன் பிறந்த அன்று மூத்தவன் நேசரிக்குப் போகத் தொடங்கவில்லை, மகளுக்கு 21 மாதம். இப்போது மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

திருகோணமலைப் பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையிலும் சொந்தத்துக்குள்ளும் இப்படி அடுத்தடுத்துப் பெற்ற ஐந்தாறு பேருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" நான் பார்த்த அளவில் அவர்களுடைய களைப்பில் பாதி, வேலைகளின் வரிசை பிழைப்பதால் வருகிறது. ஒரு பிள்ளை என்றால் வரிசை பிழைத்தாலும் நாள் ஓடிவிடும். இரண்டு மூன்று என்றால் ஓடாது. அதனால் இங்கே ஒவ்வொரு வேலையையும் எந்த ஒழுங்கில் செய்வது, ஏன் அந்த ஒழுங்கு என்று எழுதுகிறேன்.

1. ஏழாம் மாதத்துக்குள் மாற்ற வேண்டியதை மாற்றி முடியுங்கள்

மூத்த பிள்ளைக்கு வரப்போகிற மாற்றங்களை ஒரு தாளில் எழுதுங்கள்: படுக்கிற இடம், பால் மறக்கடிப்பது, பம்பஸை விடுவது, நேசரி. வயிற்றில் ஏழு மாதம் ஆவதற்கு முன் முடிக்கக்கூடியதை முடியுங்கள். முடியாததைக் குழந்தை பிறந்து மூன்று மாதம் கழியும் வரை தள்ளிப்போடுங்கள். இடைப்பட்ட காலத்தில் எதையும் தொடங்க வேண்டாம்.

காரணம் இதுதான். இரண்டு வயதுப் பிள்ளைக்கு மாதக்கணக்குத் தெரியாது. ஒரே நேரத்தில் நடந்த இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கட்டிவிடும். தம்பி வந்த கிழமையே அம்மாவின் பக்கத்துப் படுக்கை போனால், அதைத் தம்பிதான் எடுத்தான் என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். பிறகு வரும் கடிக்கும் நுள்ளுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

பம்பஸை விடுவதில் அவசரம் கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில்தான் அதற்குத் தயாராகிறார்கள். பழக்கிய பிள்ளைகூடத் தம்பி பிறந்தவுடன் திரும்பவும் நனைக்கும். ஏசாமல் துடைத்துவிடுங்கள். சில கிழமைகளில் தானாகத் திரும்பும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களுக்கு ஆள் ஏற்பாட்டை இந்த மாதத்திலேயே செய்யுங்கள். "யாராவது பாப்பினம்" என்று விடுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால் மூத்த பிள்ளைக்குப் பக்கத்தில் யார் படுப்பது, விடிந்ததும் யார் தீத்துவது, எத்தனை நாள் என்று பெயர் போட்டு எழுதுங்கள். எனக்கு சாம்பல்தீவிலிருந்து அம்மா வந்து நின்றா. நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு கிழமை முன்பிருந்தே இரவில் பிள்ளைகளை அவவோடு படுக்கவிட்டேன். பிள்ளைக்கு அந்த மணமும் அந்தத் தாலாட்டும் பழகியிருக்க வேண்டும்.

சத்திரசிகிச்சை செய்து பெறப்போகிறீர்கள் என்றால் இன்னொன்று. பெற்ற பிறகு ஆறு கிழமையளவில் பாரம் தூக்கக்கூடாது. இரண்டு வயதுப் பிள்ளை பதினொரு பன்னிரண்டு கிலோ இருக்கும். அதனால் கதிரையில் தானாக ஏறி உங்கள் மடிக்கு வரவும், சின்னப் பலகையில் ஏறிக் கட்டிலுக்கு வரவும் முன்கூட்டியே பழக்குங்கள். "அம்மா தூக்கமாட்டா" என்று ஒருநாள் திடீரென்று சொல்வதைவிட "ஏறி வா ராசா" என்பது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவோ மேல்.

மூத்த பிள்ளை குழந்தையை முதன்முதலாகப் பார்க்க வரும்போது குழந்தை உங்கள் கையில் இருக்க வேண்டாம். கட்டிலில் கிடத்திவிட்டு இரண்டு கையையும் வெறுமையாக வைத்திருங்கள். முதலில் மூத்ததைக் கட்டிப்பிடியுங்கள், பிறகு இரண்டு பேருமாகக் குழந்தையைப் பாருங்கள்.

அடுத்த பிள்ளையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையில் குறைந்தது 24 மாதம் விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தாயின் உடம்பில் இரும்புச்சத்து திரும்பத் தேறுவதற்கு அந்தக் காலம் தேவை. "பால் குடுக்கிறபடியால் தங்காது" என்று நம்பி அடுத்ததைச் சுமந்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்குள், வேறெதுவும் கொடுக்காமல் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. அதில் ஒன்று மாறினாலும் பாதுகாப்புப் போய்விடும். வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

2. வீட்டை இரண்டு உயரத்தில் பாருங்கள்

ஒரு பிள்ளைக்கு வீட்டைப் பத்திரமாக்குவது எல்லோருக்கும் தெரியும். அடுத்தடுத்த பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆபத்துக் கைமாறி வரும். தவழும் குழந்தையின் கைக்கு எட்டாததை மூன்று வயது எடுத்துக் கொடுக்கும். அன்பாகத்தான் கொடுக்கும்.

கடைசியவனுக்கு எட்டு மாதம். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். விறாந்தையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், மகள் பாயில் சம்மணமிட்டு இருந்து, நான் மூத்தவனுக்குத் தீத்துவதுபோலவே தலையைச் சரித்து, "ஆ காட்டு குஞ்சு" என்று சொல்லிச் சொல்லி, தம்பியின் வாய்க்குள் கச்சான் கொட்டை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் கோதுகள் அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றாகக் கோது உடைத்து, தோலும் நீக்கிக் கொடுத்திருக்கிறாள். வாயிலிருந்து இரண்டை எடுத்தேன். ஒன்று நாக்குக்குப் பின்னால் நின்றது. அன்றைக்குத் தப்பினோம்.

அதற்குப் பிறகு நான் செய்த வரிசை இது. முதலில் நீங்கள் முழங்காலில் தவழ்ந்து வீட்டைச் சுற்றுங்கள். பிறகு மூன்று வயதுப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, கதிரையை இழுத்துப்போட்டால் எதுவரை எட்டும் என்று பாருங்கள். இரண்டாவது சுற்றில்தான் உண்மையான பட்டியல் கிடைக்கும்: கச்சான், முறுக்குத் துண்டு, ரம்புட்டான் கொட்டை, மாபிள், விளையாட்டுச் சாமானுக்குள் இருக்கும் பட்டன் பற்றரி, சோடாப் போத்தலில் ஊற்றிவைத்த மண்ணெண்ணெய், கைப்பையிலுள்ள மருந்து. மண்ணெண்ணெயைக் குடிக்கும் சாமான் வந்த எந்தப் போத்தலிலும் வைக்காதீர்கள். பட்டன் பற்றரியை விழுங்கினால், அல்லது விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொண்டைக்குழாயை இரண்டு மணித்தியாலத்துக்குள் அது புண்ணாக்கும்.

மூத்த பிள்ளைக்குச் சொல்லும் சொல்லும் முக்கியம். "தம்பிக்கு ஒண்டும் குடுக்காதே" என்றால் நிற்காது, ஏனென்றால் கொடுப்பது அந்தப் பிள்ளைக்குச் சந்தோஷம். "தம்பிக்குக் குடுக்கிறதெண்டால் அம்மாட கையில தா" என்று சொல்லுங்கள். மகள் அன்று பின்னேரமே ஒரு பிஸ்கட் துண்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

கிணற்றுக்கு மூடி, கட்டு உயரமாக இருந்தாலும் மூடி. குளியலறை வாளியில் தண்ணீர் தேக்கி வைக்கும் பழக்கம் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. தவழும் குழந்தை தலைகீழாக விழுந்தால் ஒரு சாண் தண்ணீர் போதும். கதவுக்கு மேல்கொக்கி போடுங்கள்.

ஏணை கட்டுகிறவர்கள் அதை நிலத்துக்குக் கிட்டவாகக் கட்டுங்கள். மூத்த பிள்ளைகள் ஆட்டும் என்பது நிச்சயம், அதில் ஏறித் தொங்கும் என்பதும் நிச்சயம். வளையின் முடிச்சை ஒவ்வொரு கிழமையும் பாருங்கள்.

கடைசியாக, கதவோ தடுப்போ உள்ள ஓரிடம் வேண்டும். அடுப்பில் எண்ணெய் கொதிக்கும்போது, அல்லது ஒரு பிள்ளையைக் கழுவப் போகும்போது, குழந்தையை இரண்டு நிமிஷம் விட்டுப் போகக்கூடிய இடம். மற்றப் பிள்ளைகள் உள்ளே போகமுடியாதபடி இருக்க வேண்டும். நாங்கள் தச்சரிடம் சொல்லி இரண்டடி உயரத்தில் மரச்சட்டம் அடிப்பித்தோம். மூன்று பிள்ளைகளுக்கும் நாங்கள் வாங்கிய சாமான்களில் மிக உதவியது அதுதான்.

3. கிளினிக் கொப்பிகளை ஒரே இடத்தில், நாட்களை ஒரே கலண்டரில்

ஒவ்வொரு பிள்ளைக்கும் வளர்ச்சிப் பதிவேடு தருவார்கள். மூன்றையும் ஒரே பையில் போட்டு, ஒவ்வொன்றின் அட்டையிலும் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். அவசரத்தில் தங்கச்சியின் கொப்பியைக் கொண்டுபோய் நின்ற தாய்மார் நிறைய.

ஊசி நாட்கள் 2, 4, 6 மாதம், 9 மாதம், 12 மாதம், 18 மாதம், 3 வயது, 5 வயது. ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த திகதியிலிருந்து இவற்றை எண்ணி, மூன்று பேருடையதையும் ஒரே கலண்டரில் வேறு வேறு நிறப் பேனையால் குறியுங்கள். சிறியவர்களின் நாட்களை மாதுவே ஞாபகப்படுத்துவா. பிந்துவது பெரும்பாலும் மூன்று வயது ஊசிதான். எங்கள் வீட்டில் ஆறு மாதத்துக்குள் மகளின் மூன்று வயதும் கடைசியவனின் 18 மாதமும் மூத்தவனின் ஐந்து வயதும் வந்தன. மகளுடையது இரண்டு மாதம் பிந்திவிட்டது. அவள் அந்த நேரம் காய்ச்சல் வராத, அழாத, நன்றாகச் சாப்பிடும் பிள்ளை. அதனாலேயே கண்ணில் படாமல் போனாள்.

நிறை பார்த்த அன்றே மூன்று பேரின் நிறையையும் குசினிச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதுங்கள். அது ஏன் என்று காய்ச்சல் பகுதியில் வரும்.

4. காலை: முதலில் நீங்கள்

இதை எல்லோரும் மறுத்துச் சொல்வார்கள். ஆனாலும் சொல்கிறேன். பிள்ளைகள் எழும்புவதற்கு அரை மணித்தியாலம் முன் எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, எதையாவது சாப்பிடுங்கள். அதன் பிறகு பத்து மணி வரை உங்களுக்கு என்று ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைக்காது. பால் கொடுக்கும் தாய் வெறும் வயிற்றோடு மூன்று பேரை வெளிக்கிடுத்தினால் எட்டு மணிக்கே கை நீளும். நான் கண்டது, நான் செய்ததும்தான்.

பிறகு குழந்தைக்குப் பால். வயிறு நிறைந்த குழந்தை முக்கால் மணித்தியாலம் சும்மா கிடக்கும். அந்த நேரத்துக்குள் நடுப்பிள்ளையைக் கழிவறைக்குக் கூட்டிப்போய், முகம் கழுவி, சட்டை மாற்றுங்கள். மூத்தது கடைசி. தானாகச் செய்யக்கூடியதைச் செய்துவிட்டு மிச்சத்துக்கு உங்களிடம் வரட்டும். மூத்ததைத்தான் முதலில் வெளிக்கிடுத்துகிறார்கள் பலர், பள்ளிக்கு நேரமாகிறதே என்று. வெளிக்கிடுத்திய பிள்ளை, மற்ற இருவரும் முடிவதற்குள் உடுப்பில் பால் ஊற்றிக்கொண்டு நிற்கும்.

உடுப்பு, சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் முதல்நாள் இரவே ஒரே மேசையில், மூன்று குவியலாக. காலையில் அலுமாரி திறக்கவே கூடாது.

5. சாப்பாடு: ஒரு பானை, மூன்று கோப்பை

தனித்தனியாகச் சமைக்க வேண்டாம். பருப்போ கீரையோ மீனோ, உறைப்புப் போடுவதற்கு முன் குழந்தையின் பங்கையும் நடுப்பிள்ளையின் பங்கையும் அள்ளி வையுங்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு அதை மசித்து, ஒன்பது மாதத்தில் கொஞ்சம் கட்டியாக, ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடாகவே கொடுக்கலாம்.

ஒரே கோப்பையில் பிசைந்து மூன்று வாய்க்கும் மாறி மாறித் தீத்துவது பார்க்க அழகாக இருக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதில் இரண்டு குறை உண்டு. ஒருவனின் சளி மூன்று பேருக்கும் போகும். யார் எவ்வளவு சாப்பிட்டது என்று உங்களுக்கே தெரியாது. கோப்பை வேறு, கரண்டி வேறு. இரண்டு வயதுக்கு மேல் தன் கையால் அள்ளிச் சாப்பிடட்டும், சிந்தினாலும் பரவாயில்லை. கோழிக்குஞ்சுகள் வந்து பொறுக்கும்.

எங்கள் கடலில் சாளையும் சூடையும் மலிவு, சத்தும் நிறைய. ஆனால் முள். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் முள் பார்க்க எந்தத் தாயாலும் முடியாது. சின்ன மீனைப் பெரியவர்களுக்கு வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு பாரை, அறக்குளா போன்ற துண்டு மீனின் நடுச்சதையை எடுங்கள். அதையும் விரலால் நசுக்கிப் பார்த்துத்தான்.

பால்மாவைப் பற்றி. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, பெரியவர்கள் குடிக்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுக்கக் கூடாது. ஒரு வயதுக்கு மேலும் நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் போனால் சோறு இறங்காது, இரத்தமும் குறையும். அழும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் போத்தலைக் கொடுப்பது அந்த நேரத்துக்கு அமைதிதான், ஆனால் இரவுச் சாப்பாட்டில் அதன் விலை தெரியும்.

குழந்தை பிறந்த பிறகும் மூத்தது தாய்ப்பால் குடிக்கிறதா? குடிக்கட்டும். புதுக்குழந்தை முதலில் குடித்து வயிறு நிறைந்த பிறகு மூத்தது. முதல் நாட்களில் வரும் சீம்பால் சின்னவருக்கு உரியது. பால் கொடுக்கும் நேரம்தான் மற்றப் பிள்ளைகள் அதிகம் குழப்படி செய்யும் நேரம். அதற்கென்று ஒரு சின்னக் கூடை வைத்திருங்கள்: படப்புத்தகம், பழைய சாவிக்கொத்து, மூடிபோட்ட டப்பாக்கள். பால் கொடுக்க உட்காரும்போது மட்டும்தான் அந்தக் கூடை இறங்க வேண்டும். எப்போதும் கிடந்தால் புதினம் போய்விடும்.

6. நித்திரை: மத்தியானத்தை முதலில் சரிப்படுத்துங்கள்

எல்லோரும் இரவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இரவில் பிள்ளைகள் வேறு வேறு நேரத்தில் எழும்பும். அதை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது. மத்தியானத்தைக் கட்டுப்படுத்தலாம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரு மணித்தியாலம் படுத்தால்தான் உங்கள் முதுகும் பாயைத் தொடும்.

வரிசை இப்படி. பதினொன்றரைக்குக் குளிக்க வார்த்தல், சின்னவரிலிருந்து பெரியவருக்கு. பன்னிரண்டுக்குச் சாப்பாடு. பன்னிரண்டரைக்கு யன்னல் சீலையை இழுத்து அறையை இருட்டாக்குங்கள். கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில் திருமலையின் மத்தியான வெக்கை தெரியும்தானே. குளித்து ஈரம் காயும் முன் படுத்த பிள்ளை கெதியாக நித்திரையாகும். மூன்று வயதுக்கு மேல் மூத்தவன் நித்திரை கொள்ள மறுத்தான். கண் மூடத் தேவையில்லை, ஆனால் பாயை விட்டு எழும்பக் கூடாது என்று வைத்தேன். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு கிடந்தான்.

இரவில் தகப்பன் வீட்டில் நின்றால் பெரிய இரண்டும் அவரோடு, குழந்தை உங்களோடு. எங்கள் வீட்டில் இவருக்கு மாறி மாறி இரவு வேலை. தனியாக நின்ற இரவுகளில் நான் கண்டுபிடித்த ஒழுங்கு: விளக்கை அணைத்துவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே மற்ற இருவருக்கும் கதை. குழந்தை கண் சொருகியதும் அதை அதன் இடத்தில் கிடத்தி, பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் போய்ப் படுப்பேன். கதையை அப்போதுதான் முடிப்பேன். கதை முடியாததால் அவர்கள் சத்தம் போடாமல் காத்திருந்தார்கள்.

முதலில் பெரியவர்களை நித்திரையாக்கிவிட்டுக் குழந்தையிடம் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குழந்தை வீரிட்டால் மூன்று பேரும் எழும்பிவிடுவார்கள், திரும்பவும் முதலிலிருந்து.

ஒன்றை மட்டும் எந்தக் களைப்பிலும் விடாதீர்கள். குழந்தையைப் பெரிய பிள்ளைக்குப் பக்கத்தில், ஒரே மெத்தையில் கிடத்தாதீர்கள். இரண்டு வயதுப் பிள்ளை நித்திரையில் உருண்டு கையைக் காலைப் போடும், அதற்குத் தெரியாது. குழந்தைக்குத் தனி இடம், இறுக்கமான படுக்கை, தலையணை இல்லாமல், மல்லாக்காக. நுளம்பு வலையும் தனியாக. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதனால் மத்தியான நித்திரைக்கும் வலை வேண்டும்.

7. சண்டை

"நீ பெரியவன், விட்டுக்குடு." இந்த வசனத்தை வீட்டில் தடைசெய்யுங்கள், அம்மம்மா, அப்பம்மா, வருகிற மாமிமார் எல்லோருக்கும் சேர்த்து. பத்தொன்பது மாதம் மூத்தவன் பெரியவன் இல்லை. தினமும் விட்டுக்கொடுக்கச் சொன்னால் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தங்கச்சியை நுள்ளுவான்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெட்டி கொடுங்கள், சப்பாத்துப் பெட்டி போதும். அதற்குள் இருப்பதை யாரும் கேட்க முடியாது, பகிரவும் தேவையில்லை. வெளியில் இருப்பதெல்லாம் பொது, முறை வைத்துத்தான். முறைக்கு மணிக்கூடு வேண்டாம், சின்னப் பிள்ளைக்கு அது விளங்காது. ஊஞ்சலென்றால் இருபது ஆட்டு, எண்ணிக்கை எல்லோரும் சேர்ந்து. மூத்தவன் எண் படித்ததே அப்படித்தான்.

கடித்தால் முதலில் கடிபட்ட பிள்ளையைத் தூக்குங்கள். கடித்த பிள்ளையைப் பிறகு பாருங்கள். முதலில் ஏசப் போனால், கடித்தால் அம்மா உடனே வருவா என்று பிள்ளை படித்துவிடும்.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்று எங்கள் ஆக்கள் சொல்வார்கள். பல பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்படி விட்டால் அழாத பிள்ளை தேய்ந்துபோகும். எங்கள் வீட்டில் அது மகள். ஊசி பிந்தியதும் அவளுக்குத்தான், புதுச் சட்டை கடைசியாகக் கிடைத்ததும் அவளுக்குத்தான். அதைக் கண்ட பிறகு ஒரு ஒழுங்கு வைத்தேன்: ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிள்ளையோடும் பத்து நிமிஷம் தனியாக, அதிலும் அன்று சத்தம் குறைவாக இருந்த பிள்ளையிடம்தான் முதலில். பத்து நிமிஷத்துக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். தலை இழுத்துவிடும்போது மற்ற இருவரையும் வெளியே அனுப்பினாலே போதும். மகள் கதைக்கத் தொடங்கியது அந்தச் சீப்பு நேரத்தில்தான்.

8. காய்ச்சல் வந்தால்

ஒருவனுக்கு வந்தால் மூன்று பேருக்கும் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே நாளில் வராமல் இருக்கச் செய்யலாம். சுகமில்லாத பிள்ளையின் கோப்பையும் துவாயும் வேறு. சுகமான பிள்ளைகளின் வேலையை முதலில் முடித்து, சுகமில்லாததைக் கடைசியாகக் கவனியுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். வாந்தியோ வயிற்றோட்டமோ என்றால் இது இன்னும் முக்கியம். ஜீவனி என்கிற உப்பும் சீனியும் கலந்த தூளைப் பக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் முழுதாகக் கரைத்து வையுங்கள். பாதிப் பக்கெட்டைக் குத்துமதிப்பாகக் கரைக்காதீர்கள். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

மருந்துக்கு ஒரு கொப்பி. பெயர், மருந்து, அளவு, நேரம், கொடுத்தவர். இதை எழுதாமல் ஒருநாள் நான் இரண்டு மணிக்கு மகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்தேன். மூன்று மணிக்கு வேலையால் வந்த இவர், அவள் சுடுகிறாள் என்று திரும்பவும் கொடுத்துவிட்டார். மூத்தவனுக்குத்தான் நான் கொடுத்தேன் என்று அவர் நினைத்திருக்கிறார். அன்று மாலை முழுவதும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அந்த மாலையை மறக்கமாட்டேன்.

பரசிட்டமோல் அளவு நிறையைப் பொறுத்தது: ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை. சுவரில் ஒட்டிய நிறைத்தாள் இதற்குத்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை மில்லிலீற்றர் என்று வைத்தியரிடமோ பாமசியிலோ கேட்டு அதற்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அண்ணனுக்கு எழுதிய மருந்தைத் தங்கச்சிக்குப் பாதியாக்கிக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள்.

மாரி மழைக்குப் பிறகு வரும் காய்ச்சலை டெங்கு என்று எண்ணியே நடங்கள். 2017இல் கிண்ணியாவில் பட்டதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. இபுபுரூபன், அஸ்பிரின் கொடுக்கக் கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளிலும் காய்ச்சல் விடாமல் இருந்தால் இரத்தம் சோதிக்க வேண்டும், ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதல் நாளே. காய்ச்சல் விட்டதும் எல்லோரும் மற்றப் பிள்ளைகளிடம் திரும்பிவிடுகிறோம். டெங்கில் ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்கும். வயிற்றுநோ, விடாத வாந்தி, சோர்ந்து கிடத்தல், கைகால் குளிர்தல், ஆறு மணித்தியாலம் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரி. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சல் என்றாலும் நேரே ஆஸ்பத்திரிதான்.

1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அதற்கு முன், மற்ற இரண்டு பிள்ளைகளையும் யாரிடம் விடுவது என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். முதலாம் பகுதியில் எழுதிய அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள்.

9. வெளியே போகும்போது

ஒரு பெரிய ஆளும் மூன்று சின்னவர்களும் என்றால் கடற்கரைக்குப் போகாதீர்கள். டச்சுக்குடா அமைதியான கடல்தான், ஆனால் ஒருவன் கிழக்கே ஓட மற்றவன் மேற்கே ஓடினால் நீங்கள் ஒருவருக்குப் பின்னால்தான் ஓடலாம். தண்ணீருக்குள் இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர். கார்த்திகை முதல் மாசி வரை கடல் குழம்பியிருக்கும், கரையிலேயே நில்லுங்கள்.

கோணேசர் கோவிலுக்கு ஏறும்போது கோட்டைக்குள் மான்கள் கிட்ட வரும். பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கப் பார்க்கும். கொம்புள்ள ஆண் மானுக்குப் பக்கத்தில் விடாதீர்கள், பொலித்தீனோடு எதையும் போடவும் விடாதீர்கள். மேலே மலையின் விளிம்பில் எந்தப் பிள்ளையும் கை விட்டு நிற்கக் கூடாது. கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறும் ஏழு சூடு. முதலில் உங்கள் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு ஊற்றுங்கள்.

பத்திரகாளி அம்மன் தேர் போன்ற சனக்கூட்டத்துக்கு மூன்று பேருக்கும் ஒரே பளிச்சென்ற நிறத்தில் சட்டை. ஒருவரைப் பார்த்தாலே மற்றவர் எப்படி உடுத்தியிருக்கிறார் என்று ஆட்களுக்குச் சொல்லலாம். கையில் பேனையால் போன் நம்பர். பொம்மைக் கடைக்கு முன்னால் நின்று எண்ணுவதைவிட, ஒவ்வொரு வாசலிலும் நின்று எண்ணுங்கள்.

ஒரே மோட்டார் சைக்கிளில் ஐந்து பேர் வேண்டாம். ஓட்டோவுக்குக் காசு இல்லாத நாளில் வீட்டில் நில்லுங்கள்.

10. உதவியும் பள்ளியும்

"ஏதும் வேணுமெண்டால் சொல்லுங்கோ" என்பவர்களிடம் ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வந்து மூத்த ரெண்டையும் ஒரு மணித்தியாலம் விளையாட விடுங்கோ, மாமி." செய்வார்கள். என்ன செய்வது என்று தெரியாமல்தான் பலர் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, உங்களைத் தேத்தண்ணி ஊற்ற விடுகிறார்கள். பெற்று இரண்டு கிழமைக்கு மேலும் காரணமில்லாமல் அழுகை வந்தால், பிள்ளைகளைப் பார்க்கவே மனம் வராவிட்டால், மாதுவிடம் அதைச் சொல்லுங்கள். அதற்கு வைத்தியம் இருக்கிறது.

முதலாம் வகுப்புக்கு ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் சகோதரருக்கென்று அரச பள்ளிகளில் ஒரு பங்கு இடம் ஒதுக்கப்படுகிறது. அதனால் மூத்த பிள்ளைக்குப் பள்ளி தெரியும்போதே மற்ற இரண்டையும் மனதில் வைத்துத் தூரத்தைக் கணக்கிடுங்கள். அடுத்தடுத்த வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையை ஒரே நேரத்தில், ஒரே மேசையில் விரிக்காதீர்கள்.

இங்கே எழுதிய ஒழுங்கு மூன்று மாதத்துக்கு மேல் நிற்காது, ஏனென்றால் ஒரு பிள்ளை வளரும்போது மற்ற இரண்டின் இடமும் மாறும். குப்புறப் பிரண்ட அன்று ஏணையையும், தவழ்ந்த அன்று விறாந்தையையும், எழும்பி நடந்த அன்று திரும்பவும் முழு வீட்டையும் பாருங்கள். முழங்காலில் ஒருதரம், குனிந்து ஒருதரம். இந்த முறை மூத்த பிள்ளையையும் கூடக் கூட்டிக்கொண்டு சுற்றுங்கள். எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.